மாதிரி ஆஸ்கி நடத்தலாமா? சேலம் மயக்கவியல் முதுகலை மாணவர்களிடம் ஒரு கேள்வி

செவ்வாய்ப்பேட்டை_மூன்றாமாண்டு

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் எம்.டி. மயக்கவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செயல்முறைத் தேர்வு நெருங்குகிறது. ஒரு நோயாளியை விரிவாகப் பார்க்கும் நீண்ட கேஸ், குறுகிய கேஸ்கள், பிறகு மருந்து, கருவி, எக்ஸ்ரே, இசிஜி என்று வரிசையாக மேசைகள், வைவா எனும் வாய்மொழித் தேர்வு. எங்களுக்கு வாய்த்த வடிவம் இதுதான்.

எங்கள் கல்லூரி சீனியர் அண்ணன் ஒருவர் அமெரிக்காவில் உறைவிடப் பயிற்சியில் இருக்கிறார். அங்கே வாரியச் சான்றிதழுக்கு ஆஸ்கி (OSCE) என்ற செயல்முறைத் தேர்வு உண்டாம். நோயாளியாக ஒருவர் நடிப்பார், கடிகாரம் ஓடும், மணி அடித்ததும் அடுத்த அறைக்குப் போக வேண்டும். அவருடைய துறையே மாணவர்களுக்கு மாதிரித் தேர்வு நடத்துகிறது என்றும் சொன்னார். நாமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்திப் பார்க்கலாமே என்று ஜூனியர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஏற்காட்டில் தன் வீட்டைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வராந்தா, கூடம், இரண்டு அறைகள்.

என் தயக்கம் இதுதான். நம் தேர்வில் இல்லாத வடிவத்துக்கு இப்போது நேரம் செலவிடுவதில் பயன் உண்டா? விலையுயர்ந்த பயிற்சிப் பொம்மை எதுவும் எங்களிடம் கிடையாது. மூச்சுக் குழாய் போட்டுப் பழகும் பொம்மைத் தலை ஒன்று இருக்கிறது, அதற்கும் பல் ஆடுகிறது.

அஸ்தம்பட்டி_பழையவன்

வேண்டாம் அம்மா, நேரம் வீண்.

நாங்கள் பாயில்ஸ் என்ற பழைய மயக்க இயந்திரத்தையும் கையையும் நம்பிப் படித்தவர்கள். ராத்திரி மூன்று மணிக்கு வயிற்றில் குத்துப்பட்டு வருகிறவன், நீ உன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும் வரை காத்திருக்க மாட்டான். நடிகரிடம் கனிவாகப் பேசினால் மதிப்பெண் என்று வைத்தால் வாய் உள்ளவர்கள் தேறுவார்கள், கை உள்ளவர்கள் வீட்டுக்குப் போவார்கள். கொண்டை ஊசி வளைவு இருபதையும் ஏறிப் போய் நாடகம் போடுவதற்குப் பதில், அந்த ஞாயிற்றுக்கிழமை தீவிர சிகிச்சைப் பிரிவில் நில். கட்டுவிரியன் கடித்து, இமையைத் தூக்க முடியாமல் வருகிறவரைப் பார். மூச்சு எப்போது தளரப் போகிறது என்பதை அவர் கழுத்துத் தசையைப் பார்த்துக் கற்றுக்கொள். எந்தப் பொம்மையும் அதைச் சொல்லித் தராது.

கடல்தாண்டிய_சேலத்தான்

அவள் குறிப்பிட்ட சீனியர் நான்தான். சார், உங்கள் கோபம் எனக்குப் புதிதல்ல. எங்கள் வார்டிலும் கேட்டு வளர்ந்தவன். ஆனால் எதை எதிர்க்கிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும் என்பதற்காக முழு வடிவத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்க மயக்கவியல் வாரியம் படிப்படியாகத் தேர்வு வைக்கிறது. பயிற்சியின் நடுவில் பேசிக், பயிற்சி முடிந்த பிறகு அட்வான்ஸ்ட். இரண்டும் கணினியில் விடை தேர்ந்தெடுப்பவை. கடைசியாக அப்ளைட். முன்பு அந்த இடத்தில் வாய்மொழித் தேர்வு மட்டுமே இருந்தது. 2018 முதல் ஆஸ்கியையும் சேர்த்தார்கள். வட கரோலினாவின் ராலே நகரில் நடக்கிறது. 7 ஸ்டேஷன்கள் (தேர்வு அறைகள்), ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 4 நிமிடம் தருவார்கள். அதற்குள் அடுத்த சூழலை வாசித்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஏழில் பெரும்பகுதி பேச்சுதான். ஒப்புதல் வாங்குவது, வேறு என்ன வழிகள் உண்டு என்று விளக்குவது, நேர்ந்துவிட்ட சிக்கலை நோயாளியிடம் சொல்வது, அறநெறிச் சிக்கல், அறுவை சிகிச்சை நிபுணரோடு கருத்து வேறுபட்டால் பேசும் விதம். மிச்சம் மானிட்டர் வாசிப்பு, எக்கோ எனும் இதய ஸ்கேன், அல்ட்ராசவுண்ட். கழுத்தில் சிரை எது, தமனி எது என்று உயிருள்ள ஆள் மீது கருவியை வைத்துக் காட்ட வேண்டும். ஊசி குத்த வேண்டியதில்லை. நீங்கள் சொல்லும் கை வேலையைப் பயிற்சிக் காலம் முழுவதும் துறை கூடவே நின்று பார்க்கிறது. எங்களைப் போன்றவர்கள் நோயாளியிடம் தனியாகப் பேசும்போதுதான் யாரும் பக்கத்தில் இருப்பதில்லை.

எங்கள் துறை நடத்திய மாதிரித் தேர்வில் ஒரு ஸ்டேஷன். குழாய் போடும்போது முன்பல் உடைந்துவிட்டது. நோயாளி விழித்த பிறகு சொல்ல வேண்டும். உள்ளே போன என் சக மாணவர் நல்ல படிப்பாளி. நின்றபடியே, கடினமான மூச்சுவழி என்றால் என்ன, கழுத்து ஏன் போதுமான அளவு வளையவில்லை, தொண்டையைப் பார்க்கும் கருவியில் எந்த பிளேடு பயன்பட்டது என்று அழகாக விளக்கினார். ஒரு வரி பிழையில்லை. நோயாளியாக இருந்த அம்மையார் கேட்டது ஒன்றே ஒன்று: "என் பல்லை உடைத்தது யார்?" மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் விளக்கம் வந்ததே தவிர, "நான்தான், மன்னியுங்கள்" என்ற பதில் வரவில்லை. பிறகு பதிவைப் போட்டுக் காட்டினார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை; இரண்டாவது முறை கேள்வி வந்தபோதே அவர் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

ஹேர்பின்_20

வீடு தருகிற கிழவன் நான்தான். அஸ்தம்பட்டியாருக்கு வணக்கம்.

ஆஸ்கியை மயக்கவியல்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் வெளியிட்ட முறை அது. அவருக்கு இருந்த எரிச்சல் நமக்கும் தெரிந்ததுதான். நீண்ட கேஸில் ஒரு மாணவனுக்கு மைட்ரல் ஸ்டெனோசிஸ் என்ற இதய வால்வுச் சுருக்கம் வாய்க்கும், அடுத்தவனுக்கு வேறு எந்த நோயுமில்லாத குடலிறக்கம் வாய்க்கும். ஒருவனுக்குக் காலையில் வந்து உட்கார்ந்த தேர்வாளர், இன்னொருவனுக்கு மதியச் சாப்பாடு தாமதமான தேர்வாளர். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், ஒரே மதிப்பெண் தாள் என்று ஆக்கினால் குறைந்தபட்சம் அதிர்ஷ்டத்தின் பங்காவது குறையும் என்பதுதான் அடிப்படை. நான் வெளித் தேர்வாளராகப் பல ஊர்களுக்குப் போனவன். கேஸ் ஒதுக்கும் நேரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். லாட்டரி குலுக்கும் இடத்தில் கூட அவ்வளவு பயம் இருக்காது.

பொம்மையோ, அது நம் வீட்டுப் பிள்ளை. 1960-இல் நார்வேயின் ஓஸ்முண்ட் லார்டால் என்ற பொம்மை வியாபாரி, உயிர்ப்பிக்கும் முதலுதவியைப் பழகுவதற்கான ரெசஸி ஆனி பொம்மையைச் செய்தார். அதன் பின்னணியில் பீட்டர் சாஃபர் என்ற மயக்கவியல் மருத்துவர் இருந்தார். அறுபதுகளின் இறுதியில் கலிபோர்னியாவில் சிம் ஒன் என்ற கணினிப் பொம்மையைச் செய்தது மயக்கவியல் மாணவர்களுக்குக் குழாய் போடப் பழக்கத்தான். எண்பதுகளில் ஸ்டான்ஃபோர்டில் டேவிட் காபா, விமானிகள் நெருக்கடியைப் பழகுவது போல நாம் ஏன் பழகுவதில்லை என்று கேட்டார். அவரும் நம் துறைதான்.

ஏற்காட்டுக்கு வருகிறீர்கள் என்பதால் ஒரு கேள்வியைக் கையோடு தருகிறேன். இங்கே உயரம் சுமார் 1,500 மீட்டர். காற்றழுத்தம் ஏறத்தாழ 635 மி.மீ. பாதரசம். சேலத்தில் பயன்படுத்திய அதே ஐசோஃப்ளுரேன் வேப்பரைசரையும் (திரவ மயக்க மருந்தை ஆவியாக்கித் தரும் கருவி), டெஸ்ஃப்ளுரேன் என்ற இன்னொரு மயக்க மருந்துக்கான டெக் 6 வேப்பரைசரையும் என் கூடத்தில் வைத்தால் எதன் டயலை மாற்றுவீர்கள், எவ்வளவு? விடையை இங்கே எழுதுகிறவருக்கு என் தோட்டத்துக் காபி.

தாதகாப்பட்டி_சிஸ்டர்

நான் அறுவை அரங்கில் செவிலியர். மருத்துவர்கள் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆனால் நோயாளிக்கு அடுத்தபடியாக இந்தத் தேர்வைப் பற்றிச் சொல்லத் தகுதி உள்ளவர்கள் நாங்கள்தான்.

ரத்த அழுத்தம் திடீரென்று விழும். உடம்பெல்லாம் தடிப்பு. "அட்ரினலின் கொடுங்கள்" என்பார் டாக்டர். யாரைப் பார்த்து? மானிட்டரைப் பார்த்து. அறையில் நாலு பேர் இருப்போம். எந்த அளவு, நீர்க்கச் செய்ததா, அப்படியேவா? ஆம்பூல் ஒன்றில் 1 மி.லி.க்கு 1 மி.கிராம். ஒவ்வாமை அதிர்ச்சியில் பெரியவருக்குச் சிரை வழியாக 50 மைக்ரோகிராமில் தொடங்குவார்கள். ஆம்பூல் முழுவதும் போனால் அது இருபது மடங்கு. புதிதாக வந்த சிஸ்டர் பதற்றத்தில் எதை நீட்டினாலும் வாங்கிப் போடுகிற டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே ஒரு ஸ்டேஷன் எங்களுக்குத் தாருங்கள். நான் சிஸ்டராகவே நடிக்கிறேன். தட்டில் இரண்டு சிரிஞ்சுகள், ஒன்றில் லேபிள் இருக்காது. டாக்டர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாரா, அளவை மைக்ரோகிராமில் சொல்கிறாரா, நான் திருப்பிச் சொல்லும் வரை நிற்கிறாரா, லேபிள் இல்லாததை வாங்கிக்கொள்கிறாரா திருப்பித் தருகிறாரா, இவ்வளவுதான் நான் பார்ப்பேன். உப்பு நீரே போதும். செலவு இல்லை.

அஸ்தம்பட்டி_பழையவன்

சிஸ்டர் சொன்னது வேலை. அதை நான் நாடகம் என்று சொல்ல மாட்டேன்.

என் பயம் வேறு இடத்தில். மதிப்பெண் தாள் என்று ஒன்று வந்துவிட்டால் பிள்ளைகள் தாளைப் படிப்பார்கள். "கண்ணைப் பார்த்தார், 1 மதிப்பெண். வருத்தம் தெரிவித்தார், 1 மதிப்பெண்." பிறகு ஒவ்வொருவனும் உள்ளே வந்து, "உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது அம்மா" என்று ஒரே ராகத்தில் ஒப்பிப்பான். எனக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது ஒரு இளம் மருத்துவர் என்னிடம் இப்படித்தான் பேசினார். வலியை விட அதுதான் தாங்கவில்லை. இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

கடல்தாண்டிய_சேலத்தான்

முழுப் பதில் இல்லை சார். இங்கேயும் அந்த நோய் இருக்கிறது. சில பயிற்சி வகுப்புகள் வசனத்தையே எழுதிக் கொடுத்துவிடுகின்றன. நோயாளியாக நடிப்பவர் புத்திசாலியாக இருந்தால் வசனம் எடுபடாது. "புரிகிறது" என்று சொன்னவுடன், "என்ன புரிகிறது, சொல்லுங்கள்" என்று ஒரு கேள்வி போட்டால் மனப்பாடம் அங்கேயே நின்றுவிடும். தாளில் "வருத்தம் தெரிவித்தார்" என்று எழுதாமல் "நோயாளி கேட்ட கேள்விக்கு நேரான பதில் கிடைத்தது" என்று எழுதுங்கள். அந்த மதிப்பெண்ணை நடித்தவரே போடட்டும்.

ஓமலூர்_இரண்டாமாண்டு

நடிகர் பிரச்சினைக்கு நான் விடை வைத்திருக்கிறேன், அதிலேயே ஒரு புதுப் பிரச்சினையும் இருக்கிறது.

எங்கள் பக்கம் தெருக்கூத்துக்குப் பஞ்சமில்லை. பெண் வேடம் கட்டும் மாமா ஒருவரை அழைத்து விடுதி அறையில் ஒத்திகை பார்த்தோம். கதை இது: எழுபது வயதுப் பாட்டி, இடுப்பு எலும்பு முறிவு, தண்டுவட மயக்க ஊசிக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். பாட்டி மறுக்கிறார். "முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி வரும். என் மருமகளுக்குப் பிரசவத்தில் போட்டார்கள், இன்றைக்கும் குனிய முடியவில்லை." இதை ஏதாவது ஒரு வார்டில் கேட்காத மயக்கவியல் மாணவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது.

மாமா பிரமாதமாகச் செய்தார். முதல் மாணவருக்கு அமைதியான பாட்டி கிடைத்தார். இரண்டாமவருக்குக் கொஞ்சம் அழுகை. மூன்றாமவர் உள்ளே போவதற்குள் மாமாவுக்குச் சுதி ஏறிவிட்டது. அங்கே உட்கார்ந்திருந்தது சபையில் நின்ற திரௌபதி. தலைமுடியை அவிழ்த்து நியாயம் கேட்டார். மாணவர் ஒப்புதல் படிவத்தை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். ரசித்தோம், ஆனால் தேர்வாக அது செல்லாது. ஆளுக்கொரு பாட்டி என்றால் பேராசிரியர் சொன்ன லாட்டரிதானே மறுபடியும்?

ஹேர்பின்_20

மாமாவை விட்டுவிடாதீர்கள்! எழுதிக் கொடுங்கள், அவ்வளவுதான். பாட்டி தானாகச் சொல்வது என்ன, கேட்டால் மட்டும் சொல்வது என்ன, கேட்டாலும் இரண்டாவது முறைதான் சொல்வது என்ன என்று மூன்று பத்தி. அழுகை எந்த நிமிடத்தில், எந்த அளவில் என்பதும் தாளில் இருக்க வேண்டும்.

கேட்டால் மட்டும் சொல்வதில் இதைச் சேருங்கள்: "நெஞ்சுக்கு ஒரு சின்ன மாத்திரை, மதியம் சாப்பிட்டபின்." அது குளோபிடோக்ரல், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. நிறுத்தி 5 முதல் 7 நாள் ஆகாமல் தண்டுவட ஊசி போடத் தயங்குவோம். முதுகெலும்புக்குள் ரத்தம் கட்டினால் கால் போய்விடும். இடுப்பு முறிவை அத்தனை நாள் கிடப்பில் போட்டால் நெஞ்சுச் சளியும் படுக்கைப் புண்ணும் வந்து பாட்டியே போய்விடலாம். எட்டு நிமிடம் முதுகுவலி பயத்தைப் போக்கி, வென்று, கையெழுத்தும் வாங்கிவிட்டு, மாத்திரையைக் கேட்காமல் வெளியே வருகிற மாணவர் எத்தனை பேர் என்று பாருங்கள். இனிமையாகப் பேசி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள் என்று அஸ்தம்பட்டியார் பயப்படத் தேவையில்லை. மாத்திரையைக் கேட்ட மாணவருக்கும் வேலை முடியவில்லை. ஊசி போட்டே ஆக வேண்டும் என்று சற்று முன் சமாதானப்படுத்திய அதே பாட்டியிடம், இப்போது அது சரிவராமல் போகலாம் என்று சொல்ல வேண்டும்.

முதுகுவலிப் பேச்சிலும் ஒரு வார்த்தை. "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று தொடங்குகிறவருக்குப் பூஜ்யம். ஊசி போடாத பெண்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு முதுகுவலி வருகிறது, இப்போது 25, 27 கேஜ் அளவில் மெல்லிய ஊசி இருக்கிறது, குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம், அரிதாகத் தலைவலி வரும், அதற்கு வைத்தியம் உண்டு. இதை மருமகளைப் பொய்யராக்காமல் சொல்ல வேண்டும்.

கொண்டலாம்பட்டி_டிஎன்பி

காபிக்கு வருகிறேன் சார்.

ஐசோஃப்ளுரேன் டயலைத் தொட வேண்டாம். பழைய வகை வேப்பரைசரில் அழுத்தம் குறைந்தால் வெளிவரும் சதவீதம் கூடும், ஆனால் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அந்த மருந்தின் பங்கு) கிட்டத்தட்ட மாறாது. நோயாளி தூங்குவது பகுதி அழுத்தத்தால், சதவீதத்தால் அல்ல. டெக் 6 வேறு. டெஸ்ஃப்ளுரேன் 22.8 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால் 39 டிகிரிக்குச் சூடாக்கி, சதவீதத்தை மாறாமல் தருகிறது. கடல் மட்டத்தில் 6 சதவீதம் என்றால் 760-இல் 45.6 மி.மீ. உங்கள் கூடத்தில் அதே 6 சதவீதம் 38 மி.மீ.தான். 760-ஐ 635-ஆல் வகுத்துப் பெருக்கினால் டயல் சுமார் 7.2-இல் நிற்க வேண்டும். மாற்றாமல் விட்டால் நோயாளி லேசாக விழித்திருப்பார்.

இயந்திரச் சோதனையை மட்டும் ஏற்காட்டில் வைக்காதீர்கள். அனுமதி வாங்கி, வேலை இல்லாத நேரத்தில் சேலத்திலேயே பழைய இயந்திரம் ஒன்றில் வையுங்கள். குறைகளை நாமே நட வேண்டும்: வேப்பரைசர் சரியாக உட்காராமல் ஒரு கசிவு, உறிஞ்சு கருவி இணைக்காமல், மாற்று ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்து. முடிந்ததும் நட்ட குறை அத்தனையும் எடுத்தாகிவிட்டதா என்று இரண்டு பேர் கையெழுத்திட்டுவிட்டுத்தான் அறையை விட்டுப் போக வேண்டும். கருவி மேசையில் ஆக்சிஜன் சிலிண்டரைக் காட்டி, கறுப்பு உடல் வெள்ளைத் தோள், பின் (இணைப்பு முள்) எண் 2, 5 என்று ஒப்பிப்பது நம் எல்லோருக்கும் வரும். மாற்று சிலிண்டர் காலி என்பதைக் காலையில் திறந்து பார்த்துச் சொல்கிறவர்கள் குறைவு.

குழாய் போட முடியாத சூழலுக்கு அந்தப் பல் ஆடும் தலையே போதும். நம் நாட்டு மூச்சுவழிச் சங்கம் 2016-இல் தந்த வழிகாட்டுதலைத் தாளாக வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு வழி ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கிறதா, அடுத்த முயற்சிக்கு முன் ஆக்சிஜன் அளவைப் பார்க்கிறாரா, "என்னால் போட முடியவில்லை, உதவி வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்கிறாரா. கடைசியது வருவதே இல்லை. நல்ல கைக்காரர்களுக்கு இன்னும் வருவதில்லை. இதை யாரையும் குத்திச் சொல்லவில்லை.

அஸ்தம்பட்டி_பழையவன்

குத்தித்தான் சொல்கிறாய். பரவாயில்லை.

செவ்வாய்ப்பேட்டை_மூன்றாமாண்டு

எல்லோருக்கும் நன்றி. ஐந்து ஸ்டேஷன்களோடு நிறுத்திக்கொள்கிறோம். ஏற்காட்டில் நான்கு: பாட்டி, உடைந்த பல், சிஸ்டரின் தட்டு, தலையில் குழாய். சேலத்தில் ஒன்று: இயந்திரம். பேச்சு முழுவதும் தமிழில். எங்கள் தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்டாலும் நோயாளி தமிழில்தான் பேசப் போகிறார். ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம், ஆனால் முடிந்தபின் பேசுவதற்கு அதே அளவு நேரம் ஒதுக்கியிருக்கிறோம். முதலில் தேர்வு எழுதியவர், பிறகு நடித்தவர், கடைசியில்தான் பார்த்தவர் பேசுவார். பாராட்டு, திட்டு இரண்டும் வேண்டாம், எந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று மட்டும்.

மூன்றாமாண்டு மாணவர்களுக்கு மட்டும் ஆறாவதாக ஒன்று சேர்க்க ஆசை. வயிறு காலியாக இல்லாத நோயாளி, அவசரமில்லாத அறுவை; "எனக்கு அடுத்த ஊரில் கேஸ் இருக்கிறது, உடனே மயக்கம் கொடுங்கள்" என்று நெருக்கும் அறுவை சிகிச்சை நிபுணர். மாணவர் மரியாதை குறையாமல் மறுக்க வேண்டும். அந்த வேடத்துக்குத்தான் ஆள் இல்லை. ஜூனியர்கள் செய்தால் சிரித்துவிடுகிறார்கள்.

அஸ்தம்பட்டி_பழையவன்

அந்த வேடம் எனக்கு. நடிக்கவே வேண்டாம், இத்தனை வருடம் எதிரே நின்று கேட்டதைத் திருப்பிச் சொன்னால் போதும்.

செவ்வாய்ப்பேட்டை_மூன்றாமாண்டு

மிக்க மகிழ்ச்சி சார். ஆனால் எல்லா மாணவருக்கும் ஒரே அளவு நெருக்கடிதான் தர வேண்டும். எழுதிய தாளிலிருந்து விலகக் கூடாது.

அஸ்தம்பட்டி_பழையவன்

தாளை முதலில் அனுப்பு. என்னை விடச் சாதுவாக எழுதியிருந்தால் திருத்தித் தருகிறேன். கோரிமேட்டில் காலை ஏழு மணிக்கு நிற்கிறேன், காரில் மூன்று பேருக்கு இடம் உண்டு. திரௌபதி வேடக்காரர் முன் சீட்டில் வரட்டும்.